தண்ணீர் விட்டால் வெள்ளை, அமிலம் விட்டால் தெளிவு

முன்னும் பின்னும் இரு திசையிலும் நடக்கிற மீள் வினையைக் கண்ணால் காட்ட என்னைக் கேட்டால் ஆன்டிமனி டிரைகுளோரைடைத்தான் சொல்வேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் எதிரெதிராக அம்பு போட்ட சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த இரண்டு அம்பும் நிஜத்தில் நடக்கிற காரியம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அதுதான் வருத்தம்.

மொட்டை மாடியில் ஒரு பழைய மேசை. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ஆன்டிமனி டிரைகுளோரைடு, சோதனைக்குழாயில் இரண்டு மில்லி போதும். இங்க் ஃபில்லரால் தண்ணீர் விட்டால், சொட்டு விழும் இடம் வெள்ளையாகக் கலங்கும், குலுக்கினால் மறையும். இன்னும் விட்டால் மறையாது, குழாய் முழுக்கப் பால்போல் ஆகிவிடும். அது ஆன்டிமனி ஆக்சிகுளோரைடு, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். 16-ஆம் நூற்றாண்டில் வெரோனாவில் இருந்த அல்கரோட்டோ என்ற மருத்துவரின் பெயரால் இதற்கு 'அல்கரோத் பொடி' என்று பெயர். வாந்தி எடுக்க வைக்க அப்போது உள்ளுக்கே கொடுத்திருக்கிறார்கள். நஞ்சு, கையில்கூடப் படக்கூடாது.

இப்போது அமிலம் சில சொட்டு. தெளிந்துவிடும். மறுபடி தண்ணீர், மறுபடி வெள்ளை. கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டு அக்கா மகள் தண்ணீர் விட, அமிலத்தை நான் விட்டேன். "மாமா, ஒவ்வொரு தடவையும் தண்ணி அதிகமா கேக்குதே?" என்றாள். இந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம். நான் விட்ட அமிலமும் வினையில் உண்டான அமிலமும் குழாயிலேயே சேர்ந்துகொண்டு போகின்றன. அவ்வளவையும் நீர்க்கச் செய்தால்தான் வெள்ளை வரும். சமநிலையை எந்தப் பக்கம் தள்ளினாலும் வினை அதை எதிர்க்கும் பக்கமாக நகரும் என்கிற லீ சாட்லியர் தத்துவத்தை அவளே பிடித்துவிட்டாள்.

அப்புறம் அந்த ஆரஞ்சு நிறம். கல்லூரி உப்புப் பகுப்பாய்வில், கிப் உபகரணத்தில் தயாரித்த ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விட்டதும் பளிச்சென்று விழுமே, அந்த ஆன்டிமனி சல்பைடு. சுரங்கத்தில் கிடைக்கும் கருஞ்சாம்பல் தாதுவும் இதே சேர்மம்தான். வீழ்படிவைச் சூடாக்கினால் அதுவும் கறுக்கும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு உயிரைப் பறிக்கும் வாயு, அது ஆய்வகத்தோடு சரி. துத்தநாகத்தையும் இந்தக் கரைசல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் ஸ்டிபைன் கிளம்பும், ஆர்சனிக்கின் நச்சு வாயுவான ஆர்சைனுக்கு இணையான நச்சு வாயு.

மிஞ்சியதை வாஷ் பேசினில் கொட்டுவதில்லை. பெயர் எழுதிய பாட்டிலில் சேர்த்து, ஆய்வகத்தின் உலோகக் கழிவோடு கொடுத்துவிடுகிறேன்.