ஒரு கழித்தல் குறிக்காக மூன்று வாரம்

அமெரிக்கக் கால்பந்தில், பந்து நிற்கும் இடத்தை வைத்து அடுத்து விழும் புள்ளியைச் சராசரியாகக் கணிக்கும் என் இ.பி. (எதிர்பார்ப்புப் புள்ளி; எதிரணிக்கு விழுந்தால் கழித்தல்) மாடல் ஒருவழியாக, அணியின் சொந்தக் கோல் கோட்டிலிருந்து 1 யார்டில், சுழியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நேற்று ராத்திரி வரைபடத்தின் இடது முனை கீழே வளைந்ததைப் பார்த்து, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அது மேலேயே நின்று பழிப்புக் காட்டியது.

தரவு, எல்லாரும் எடுக்கிற அதே என்.எஃப்.எல்.-வெர்ஸ்தான்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் ஒவ்வொரு பிளேயும் (ஒரு முறை பந்தை எடுத்து ஆடுவது) அதில் ஒரு வரி. 1999 முதல் இருக்கிறது என்றாலும் 2016-இலிருந்து 2023 வரை மட்டும் எடுத்தேன். அந்த எட்டு சீசனிலும் கிக்ஆஃப் டச்பேக் (தொடக்க உதையை எடுத்து ஓடாமல் விட்டால் பந்து வைக்கும் இடம்) 25 யார்டில். 2024-இல் கிக்ஆஃப் முறையையே மாற்றிவிட்டார்கள், அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று விட்டேன்.

சொந்தக் கோல் கோட்டில் முதுகு ஒட்டி நிற்கும் அணிக்கு எதிர்பார்ப்பு கழித்தலில்தான் இருக்க வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வர்ஜில் கார்ட்டரும் ராபர்ட் மாக்கோலும் 1971-லேயே 1969 சீசன் ஆட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கார்ட்டர் அப்போது சின்சினாட்டி பெங்கல்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்து வீசி ஆட்டத்தை நடத்துபவர். பந்தும் வீசி ஆய்வுக்கட்டுரையும் எழுதிய ஆள். அவர்களுக்கு வந்த கழித்தல் எனக்கு ஏன் வரவில்லை?

முதலில் பழியை மாடல் மேல் போட்டேன். எக்ஸ்ஜி-பூஸ்ட் என்ற கற்கும் முறையில் முடிவு மரங்களைக் குறைத்தேன், கற்கும் வேகத்தை மாற்றினேன், கடைசியில் அதையே தூக்கிவிட்டுப் பழைய லாஜிஸ்டிக் மாடலுக்குப் போனேன். ஒன்றும் அசையவில்லை. ஒன்றரை வாரம் கழித்துத்தான் மாடலே இல்லாமல், 1 முதல் 3 யார்டு வரையிலான பிளேக்களுக்கு வெறும் சராசரி எடுத்துப் பார்க்கத் தோன்றியது. அதுவும் கூட்டலில். அப்படியென்றால் கோளாறு லேபிளில், அதாவது ஒவ்வொரு பிளேக்கும் நான் ஒட்டிவைத்த விடையில். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

லேபிள் போடுவது எளிது என்று நினைப்போம்: அதே பாதி ஆட்டத்துக்குள் அடுத்து புள்ளி விழுந்த வரியைத் தேடு, எடுத்தது நம் அணியா எதிரணியா பார், குறியைப் போடு. நான் அந்த வரியில் யார் கையில் பந்து இருந்ததோ அவர்களே எடுத்ததாக எழுதிவைத்திருந்தேன். பிக்-சிக்ஸ் (வீசிய பந்தை எதிரணி பறித்து, ஓடிக் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போடுவது) வந்தால் போச்சு. பந்தைப் பறிகொடுத்தவனுக்கே 7 புள்ளி! டச்டவுன் போட்ட அணிக்கென்று தனி நெடுவரிசையே இருக்கிறது, அதற்கு மாற்றினேன். வளைவு கொஞ்சம் இறங்கியது, ஆனால் சுழியத்தைத் தாண்டவில்லை.

மிச்சம் சேஃப்டி: பந்து வைத்திருப்பவனைச் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்கினால் எதிரணிக்குக் கிடைக்கும் 2 புள்ளி. அந்த நெடுவரிசையில் வெறும் 1 அல்லது 0, யாருக்குப் புள்ளி என்று இருக்காது. என் நிரல் அந்த 2 புள்ளியையும் பந்து வைத்திருந்தவனுக்கே தூக்கிக் கொடுத்திருக்கிறது. கழித்தல் 2 இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் 2 என்றால், ஒவ்வொரு சேஃப்டிக்கும் 4 புள்ளி பிசகு. சீசன் முழுக்க எண்ணினாலும் சேஃப்டி கொஞ்சம்தான், மொத்தச் சராசரியில் தெரியவே தெரியாது. ஆனால் பெரும்பாலும் எந்த மூலையில் விழும்? நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே மூலையில். ஒரே ஒரு கழித்தல் குறி போட்டேன், வளைவு இறங்கிவிட்டது.

இன்னும் அளவுத்திருத்தம், அதாவது மாடல் சொல்வதும் நிஜத்தில் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்று, பார்க்கவில்லை. முன்பு பிளேக்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சி, சோதனை என்று பிரித்திருந்தேன். அதுவும் தப்பு. ஒரே டிரைவில் (ஓர் அணி பந்தை விடாமல் ஆடும் தொடர்) உள்ள பிளேக்கள் எல்லாம் ஒரே லேபிளைத்தான் சுமக்கும், பாதி இங்கே பாதி அங்கே போனால் மாடல் விடையைப் பார்த்து எழுதுகிற மாதிரி. இனி ஒரு சீசனை முழுசாக ஒதுக்கிவைத்துத்தான் சோதனை.

தோள்பட்டை சிப்பில் வினாடிக்கு 10 முறை பதிவாகும் வீரர் நகர்வுத் தரவு மேல் ஒரு கண் இருக்கிறது. என்.எஃப்.எல். நடத்தும் பிக் டேட்டா பவுல் என்ற தரவு ஆய்வுப் போட்டிக்காகக் கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறார்கள், அதற்கு மேல் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. என் மடிக்கணினி அதைத் தாங்குமா என்பது வேறு கதை.

அதைவிட, ஆட்டத்தை வெல்ல எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும் வெற்றி வாய்ப்பு மாடலைத் தொட்டுவிட ஆசை. 2009 நவம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பெலிசெக், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக 34-28 என்று முன்னிலையில் இருந்தபோது, இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம், சொந்த 28 யார்டில் 4-வது டவுன் (கடைசி முயற்சி), பந்தைத் தக்கவைக்க 2 யார்டு தேவை. பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் பன்ட் அடிக்காமல் ஆடிப் பார்த்தார், எட்டவில்லை, 35-34 என்று தோற்றார். அன்றைக்கு ஊரே திட்டியது. எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது, ஆனால் அந்த நேரத்தில் இ.பி. பேசாது, வெற்றி வாய்ப்புதான் பேசும். அளவுத்திருத்தம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், 2009 கோப்பு இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது.