தட்டைக்கொடியில் பொறிவண்டுப் பிள்ளைகள்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் அடங்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் தை மாதம் முழுக்க இப்படித்தான், தட்டைக்கொடி (தட்டைப்பயற்றுக் கொடி) மேற்கே சாய்ந்தே கிடக்கிறது. தண்ணீர் விடும்போது பார்த்தால் கொழுந்தெல்லாம் பேன். புத்தகத்தில் அசுவினி என்று இருக்கும். பிஞ்சுக் காய்களில் கருகருவென்று மொய்த்திருந்தது.

அத்தை மருந்து டேங்கை எடுத்துவிட்டார். "பத்துப் பதினஞ்சு நாள் பொறுத்துக்குங்க அத்தை" என்றேன். பேனுக்கு நடுவில் அதைத் தின்னும் பொறிவண்டுகள் இருந்தன, அதனால்தான். எட்டு எண்ணினேன்.

ஆறுபுள்ளிப் பொறிவண்டு என்பார்கள். ஆறு புள்ளியைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு இறக்கை மூடியிலும் குறுக்கே இரண்டு நெளிகோடுகள், கடைசியில் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். ஒன்று மஞ்சளாக இருந்தது, ஒன்று நல்ல ஆரஞ்சு. நிறத்தை வைத்து வேறு வேறு இனம் என்று எண்ணிவிடக் கூடாது, கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள், நெல்மணியை நட்டு வைத்தது போல் நிமிர்ந்து நின்றன. பதினெட்டு. அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

ஜனவரி 22, புதன்

நேற்று சாயங்காலமே முட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. இன்று காலை பொரித்துவிட்டன. குஞ்சுகள் ஓட்டின் மேலேயே கும்பலாக உட்கார்ந்து அந்த ஓட்டைத் தின்றன, பொரியாமல் கிடந்த இரண்டு முட்டையையும் சேர்த்து. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதுதான் அதுகளுக்கு முதல் சாப்பாடு.

ஜனவரி 26, ஞாயிறு

இப்போது புழுக்கள் அரிசி நீளம். கருத்த உடம்பு, முதுகில் வெளிர் திட்டுகள், ஆறு கால், முதலைக்குட்டி மாதிரி வால் பக்கம் ஒடுங்கி இருக்கிறது. வண்டோடு எந்தச் சாயலும் இல்லை.

போன வருடம் இதே புழுவைத்தான் நான் இலையோடு கிள்ளி, செருப்புக் காலால் தேய்த்தேன். இரண்டு நாள் தேடித் தேடிக் கொன்றேன். வண்டைக் கண்டால் கையில் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள், அதன் பிள்ளையை அடையாளம் தெரியாமல் அழித்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இந்த நாட்குறிப்பையே தொடங்கினேன்.

இன்று ஒரு புழு பேனைக் கவ்வித் தூக்கி உறிஞ்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோல் மட்டும் மிஞ்சியது. உடனே அடுத்தது.

எறும்புகள்தான் தொல்லை. பேன் விடும் இனிப்புத் தண்ணீருக்காக அதுகளைக் காவல் காக்கின்றன, பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகின்றன. கொடிக் கம்பின் அடியில் விளக்கெண்ணெய்த் துணி சுற்றினேன். மத்தியானத்துக்குள் ஏற்றம் குறைந்தது.

செம்பருத்தியில் இன்னொரு வேடிக்கை. மாவுப்பூச்சி என்று வழித்துப் போடப் போனேன், ஒன்று மட்டும் வேகமாக நகர்ந்தது. வெள்ளை மெழுகு இழைகள் போர்த்திய புழு. பக்கத்துக் காம்பிலேயே ஆரஞ்சுத் தலையும் கருத்த முதுகுமாக ஒரு வண்டு. ஆஸ்திரேலியப் பொறிவண்டு! காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம். மாவுப்பூச்சியைத் தின்று, பார்வைக்கும் மாவுப்பூச்சியாகவே இருக்கிறது. வழிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பொறிவண்டு எல்லாம் நல்லது என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். இன்று கத்தரியில் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இலை சல்லடையாகி, நரம்பு மட்டும் நிற்கிறது. இது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு, ஒரு பக்கத்துக்குப் பதினான்கு. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலைதின்னி. தட்டைக்கொடி வண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல் மின்னும். இதற்கு மங்கல், மேலே பூனைமுடி. புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்களோடு இருக்கும். இரண்டையும் அத்தைக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கத்தரி வண்டுகளைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம்.

ஜனவரி 31, வெள்ளி

மூன்று புழுக்கள் வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிட்டன. தொட்டால் சட்டென்று நிமிர்கின்றன. பேன் நன்றாகக் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

விடியற்காலையில் டார்ச்சோடு போனேன். நல்லவேளை. முதல் கூடு வெடித்து வண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, வெறும் வெளிர்மஞ்சள், ஈரம் காயாத இறக்கை. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடுகள் லேசாகப் புகை போலத் தெரிந்தன. பத்து மணிக்குக் கருத்துவிட்டது. விரலில் ஏற்றினேன். கால் மூட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, ஒரு கசப்பு வாடை. கோழி கூடக் கொத்தாததற்கு இதுதான் காரணம் போலும்.

கத்தரிப் பாத்தியிலிருந்து அத்தை கூப்பிட்டார். கையில் ஓர் இலை, மேலே ஒரு புழு.

"அம்மிணி, இது யாரு புள்ளைன்னு பாரு."

நான் கிட்டே போவதற்குள் அவரே இலையைத் திருப்பிப் பார்த்தார். "முள்ளு இல்லை. கருப்பு." என்று சொல்லிவிட்டு, தட்டைக்கொடிக்கு நடந்து போய் அதைப் பேன் மிச்சமிருந்த கொழுந்தில் விட்டார்.