412 நாள் பூட்டும் ஒரு பகல் முன்பதிவும்

எங்கள் வீடு கலிபோர்னியாவில், டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைமை ஒட்டிய புல்லர்டனில் இருக்கிறது. டிஸ்னிலேண்டில் வாணவேடிக்கை நடக்கும் இரவுகளில், ஒன்பதரை மணிக்கு, பக்கத்து ஊர்த் திருவிழாவின் அதிர்வேட்டைப் போல அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிடும். 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் பூங்கா மூடப்பட்டபோது அந்தச் சத்தமும் நின்றது. 1955 ஜூலை 17 அன்று திறந்த நாளிலிருந்து, கென்னடி கொல்லப்பட்டபோதும், 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போதும், 2001 செப்டம்பர் 11 அன்றும் ஒரு நாள் அளவுக்கே மூடிக் கிடந்த இடம், இம்முறை 412 நாள்கள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டு எப்படித் திறந்தது, திறந்த பிறகு ஒரு பகல் உள்ளே போய்வர நாங்கள் எதையெல்லாம் கணக்குப் போட வேண்டியிருந்தது என்பதை, நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு முரண். அதே நிறுவனத்தின் புளோரிடா பூங்காக்கள் 2020 ஜூலை 11 அன்றே திறக்கத் தொடங்கிவிட்டன. மறுநாள் அந்த மாநிலம் ஒரே நாளில் 15,299 புதிய தொற்றுகளை அறிவித்தது. கலிபோர்னியாவிலும் 65ஆம் ஆண்டு நிறைவான ஜூலை 17 அன்று திறப்பதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். ஆனால் பூங்காக்களுக்கான வழிகாட்டு நெறிமுறையை மாநில அரசு அப்போது வெளியிடவில்லை என்பதால் அந்தத் தேதி தள்ளிப்போனது. தள்ளிப்போன தேதி 2021 ஏப்ரல் 30 வரைக்கும் வரவே இல்லை. ஒரே முதலாளி, ஒரே நோய், ஏறத்தாழ ஒரே ராட்டினங்கள். இடைவெளி மட்டும் 293 நாள்கள். எப்போது திறப்பது என்பதை மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிப்பதாக நம்பிக்கொண்டிருந்த எனக்கு, அதை மாநிலத் தலைநகரின் அரசியலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று புரிந்தது அந்த மாதங்களில்தான். எந்த மாநிலம் செய்தது சரி என்று கேட்டால், பள்ளிக்கூடங்களே பூட்டிக் கிடந்த ஆண்டில் ராட்டினங்களுக்கு அவசரம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் 2020 செப்டம்பர் இறுதியில் அந்த நிறுவனம் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தபோது, எங்கள் தெருவிலேயே அங்கே வேலை பார்த்த இரண்டு வீடுகள் இருந்ததால், அந்தக் கட்சியை அவ்வளவு உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீண்டும் திறப்பதன் முதல் மாதிரி சீனாவிலிருந்து வந்தது. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11 அன்று திறந்தபோது, நாளொன்றுக்கு 80,000 பேரைக் கொள்ளும் இடத்தில் 30 சதவீதம், அதாவது 24,000 பேருக்கு மேல் விடக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. தேதி குறித்த டிக்கெட், தொற்று அபாயம் இல்லை என்று கைப்பேசியில் காட்டும் நலக் குறியீடு, உடல் வெப்பப் பரிசோதனை, முகக்கவசம் எல்லாம் கட்டாயம். பிறகு உலகம் முழுவதும் பூங்காக்கள் கையாண்ட விதிகளின் மூலப்படி அதுதான். ஹாங்காங்கின் கதை வேறு: அந்த ஜூனில் திறந்து, ஜூலையில் மூடி, செப்டம்பரில் திறந்து, டிசம்பரில் மூடி, அடுத்த பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. திட்டமிடும் குடும்பத்துக்கு ஹாங்காங் கற்றுத்தந்த பாடம் ஒன்றே: பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதே.

கலிபோர்னியா தன் மாவட்டங்களை, தொற்று மிகுதியிலிருந்து குறைவு நோக்கி, ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நான்கு நிறங்களாகப் பிரித்திருந்தது. 2020 அக்டோபரில் வெளியான முதல் நெறிமுறைப்படி, பெரிய பூங்காக்கள் மஞ்சள் நிறத்துக்கு வந்த பிறகுதான் திறக்கலாம். மஞ்சள் என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒரு தொற்றுக்கும் குறைவு. முப்பது லட்சம் மக்கள் வாழும் எங்கள் மாவட்டத்துக்கு (ஆரஞ்சு கவுன்டி என்பது அதன் பெயர், நிறம் அல்ல) அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2021 மார்ச்சில் விதி தளர்ந்தது: ஏப்ரல் 1 முதல் சிவப்பில் 15 சதவீதம், ஆரஞ்சில் 25, மஞ்சளில் 35 என்று திறக்கலாம் என்றார்கள். செய்திகள் எல்லாம் இந்தச் சதவீதத்தையே பேசின. எனக்கோ அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. எதில் 25 சதவீதம்? டிஸ்னிலேண்டின் முழுக் கொள்ளளவு எவ்வளவு என்பதை அந்த நிறுவனம் வெளியே சொல்வதில்லை. முழு எண் தெரியாத ஒன்றின் கால்பங்கை வைத்துக்கொண்டு, என் நான்கு வயதுப் பையனுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் எப்படிக் கணக்கிடுவது? பார்வையாளனுக்குப் பயன்பட்டவை வேறு விதிகள்: எங்கே வரிசை நிற்கும், அது கூரைக்குக் கீழா வெட்டவெளியிலா, முகக்கவசத்தை எப்போது கழற்றலாம் என்பவை.

ஏப்ரல் 15 அன்று இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. 16 வயது நிரம்பிய எல்லோரும் தடுப்பூசிக்குப் பதியலாம் என்று மாநிலம் அறிவித்திருந்த நாளும் அதுதான், டிஸ்னிலேண்ட் டிக்கெட் விற்பனை தொடங்கிய நாளும் அதுதான். ஜனவரியிலிருந்து அந்தப் பூங்காவின் வாகன நிறுத்துமிடம் ஒன்றே மாவட்டத்தின் பெரிய தடுப்பூசி முகாமாக இயங்கிவந்தது என்பதால், இரண்டு காரியங்களும் என் மனத்தில் ஒன்றாகவே பதிந்துவிட்டன. மடிக்கணினியில் ஒரு சாளரத்தில் தடுப்பூசி, மறு சாளரத்தில் டிக்கெட் வரிசை. முதலில் ஊசி கிடைத்தது, ஏப்ரல் 17. ஃபைசர் என்பதால் இரண்டாவது மே 8. அதன் பிறகு பதினான்கு நாள் கழிந்தால்தான் முழுப் பாதுகாப்பு என்பது கணக்கு, ஆகவே மே 22. வார இறுதியைத் தவிர்த்து, மே 25, செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்தோம். ராகு காலம் பார்த்து நாள் குறிப்பவர்களைக் கேலி செய்துவந்த நான், தொற்று விகிதமும் ஊசித் தேதியும் பார்த்து நாள் குறித்ததை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். பிள்ளைகள் இருவருக்கும் ஊசி கிடையாது. பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. அவர்களுக்கு எங்கள் ஊசியும் அவர்களுடைய முகக்கவசமுமே காப்பு.

டிக்கெட் மட்டும் இருந்தால் போதாது; அதே தேதிக்குப் பூங்கா முன்பதிவும் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு குழுவில் மூன்று வீட்டாருக்கு மேல் சேரக் கூடாது என்று மற்றொரு விதி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றுகூடும் எங்கள் ஐந்து குடும்பக் கூட்டம் அதில் உடைந்தது; யாரை விடுவது என்று பேசி மனஸ்தாபம் வருவதற்குப் பதிலாக நாங்கள் தனியாகவே போவது என்று தீர்மானித்தோம். எல்லாவற்றையும்விடக் கூர்மையான விதி, கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பது. பயணம் நோயைச் சுமந்து வருகிறது என்ற கோணத்தில் பார்த்தால், எந்தச் சதவீதத்தையும்விடப் பயனுள்ள விதி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவும் அம்மாவும், விசா கையில் இருந்தும், பேரப்பிள்ளைகளோடு டிஸ்னிலேண்டு பார்க்கும் ஆசையைக் கும்பகோணத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு ஓராண்டாகக் காத்திருந்தார்கள்.

பூங்கா திறந்த ஏப்ரல் 30 அன்றே, இந்தியாவிலிருந்து வருவோருக்கு மே 4 முதல் தடை என்று அமெரிக்கா அறிவித்தது. இரண்டு செய்திகளும் ஒரே மாலையில் என் கைப்பேசிக்கு வந்தன. ஒன்றில், வாசலில் வரிசையாக நின்று கையசைத்து வரவேற்கும் ஊழியர்கள். மற்றொன்றில், விமான நிலையப் படம். அந்த வாரங்களில் சென்னையில் சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை தேடி உறவினர் குழுவில் இரவெல்லாம் செய்திகள் ஓடின. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் முன்பதிவை ரத்து செய்துவிடலாம் என்று இரண்டு முறை யோசித்தேன். அம்மாதான் தடுத்தாள்: பிள்ளைகள் ஒரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, நீங்கள் போகாமல் இருப்பதால் இங்கே யாருக்கும் மூச்சு வந்துவிடாது என்றாள். நாங்கள் போவதற்கு முந்தைய நாள், மே 24 அன்று, தமிழ்நாட்டில் தளர்வில்லா முழு ஊரடங்கு தொடங்கியது.

போன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது முக்கியமாக வரிசைகளைப் பற்றித்தான். பதிந்தபோது 25 சதவீதமாக இருந்த வரம்பு, நாங்கள் போவதற்குள் மாவட்டம் மஞ்சளுக்கு மாறியதால் 35 ஆகியிருந்தது. திட்டமிட்டவர்களுக்கு இதை முன்கூட்டி அறிய வழியில்லை. வழக்கமாகக் கட்டடத்துக்குள் மடிந்து மடிந்து செல்லும் வரிசைகளை, இடைவெளிக் கோடுகள் போட்டு, நடைபாதைகளில் வெளியே இழுத்து விட்டிருந்தார்கள். கண்ணுக்கு அவை அனுமார் வால்போல நீண்டு மலைப்பைத் தந்தன. நின்றால் மளமளவென்று நகர்ந்தன. பணம் கொடுத்தோ நேரம் குறித்தோ முந்திச் செல்லும் வரிசைமுறையை முழுவதுமாக நிறுத்தியிருந்ததுதான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. முந்துபவர் யாரும் இல்லாதபோது வரிசை வரிசையாகவே நடக்கிறது. புதிதாக வந்த ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ சவாரிக்கு மட்டும் காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் இடம் பிடிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது, அதை என் மகள் தன் விரல் வேகத்தின் வெற்றியாக இன்றுவரை கொண்டாடுகிறாள்.

ராட்டினத்தில் அலறுவதைப் பற்றி அந்தக் காலத்தில் நடந்த விவாதத்தைக் குறிப்பிடாமல் விட முடியாது. உரக்கக் கத்தினால் எச்சில் துளிகள் தெறிக்கும் என்பதால், அலற வேண்டாம் என்று ஜப்பானியப் பூங்காச் சங்கங்கள் 2020 மே மாதத்திலேயே கேட்டுக்கொண்டன. ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபூஜி-க்யூ ஹைலேண்ட், தன் அதிகாரிகள் இருவர் கோட்டும் முகக்கவசமும் அணிந்து, முகத்தில் சலனமே இல்லாமல் பயங்கரமான ராட்டினத்தில் போய்வரும் காணொளியை வெளியிட்டு, மனத்துக்குள் அலறுங்கள் என்று வேண்டியது. கலிபோர்னியாப் பூங்காச் சங்கமும் கூச்சலின் தாக்கத்தைக் குறைப்பது பற்றித் தன் திட்டத்தில் எழுதி, ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானது. கேலி செய்தவர்களோடு நானும் சிரித்தேன். ஆனால் ரோலர் கோஸ்டரில் எங்களுக்கு முன் இரண்டு வரிசைகள் காலியாக விடப்பட்டிருந்ததைப் பார்த்தபோது, அந்தக் கூச்சல் கணக்கு எங்கே போய் முடிந்திருக்கிறது என்று விளங்கியது. என் பையன் மனத்துக்குள் எல்லாம் அலறவில்லை.

சாப்பாட்டுக்கும் கைப்பேசியில் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். நடந்துகொண்டே தின்னக் கூடாது. ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ சாப்பிட்டுவிட்டு முகக்கவசத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். உருகும் அன்னாசி ஐஸ்கிரீமோடு நான்கு வயதுக் குழந்தையை ஓரிடத்தில் நிறுத்துவது எந்த அரசாணையாலும் ஆகாத காரியம். மிக்கி மவுஸ் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ரயில் நிலைய மாடத்தில் நின்று, உற்சவ மூர்த்தி கோபுர வாசலில் தரிசனம் தருவதுபோலக் கையசைத்துக்கொண்டிருந்தது. அணிவகுப்பு இல்லை, வாணவேடிக்கை இல்லை, ஆகவே இடம்பிடிக்க முட்டிமோதும் மாலைக் கூட்டமும் இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நான் போன நாள்களிலேயே அதுதான் மிகச் சுகமான நாள்.

ஜூன் 15 அன்று வெளிமாநிலத்தாருக்கும் கதவு திறந்தது. ஜூலை 4 இரவு ஒன்பதரைக்கு எங்கள் சமையலறையில் அந்தச் சத்தம் மீண்டும் கேட்டது; பையன் பயந்து அழுதான், அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. அதே மாதம் 30ஆம் தேதி, டெல்டா வகையால், உள்ளரங்குகளில் முகக்கவசம் திரும்பியது. நவம்பர் 8 அன்று, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தியாவிலிருந்து வருவதற்கு இருந்த தடை நீங்கியது. முன்பதிவு முறை மட்டும் எங்கும் போகவில்லை. நோய்க்காக வந்த அந்த ஏற்பாடு, நாளை எத்தனை பேர் வருவார்கள், எத்தனை ஊழியர் போதும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற வசதியை நிர்வாகத்துக்குக் கொடுத்திருந்தது. கையில் கிடைத்த அந்த வசதியை எந்த நிர்வாகமும் எளிதில் விடாது. புளோரிடாவில் தேதி குறித்த டிக்கெட்டுக்கு முன்பதிவு வேண்டாம் என்றானதே 2024 ஜனவரி 9 அன்றுதான். இங்கே அதன் பிறகும் தொடர்ந்தது.

2022 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். வந்த மூன்றாம் நாள், நாளைக்கே டிஸ்னிலேண்டு போகலாமா என்று அப்பா கேட்டார். நாளைக்கு இடமில்லை, வியாழக்கிழமை இருக்கிறது, பதிந்துவிடுகிறேன் என்றேன். ராட்டினம் சுற்றப் போவதற்கு எதற்கு ரிசர்வேஷன் என்று அவருக்குப் புரியவில்லை. 2020இல் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். சதவீதம், நிறம், மூன்று வீட்டார், எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவருக்கே உரிய அக்கறையோடு கேட்டார்:

"தட்கல் கிடையாதா?"