ஐதராபாத் மாநாடும் மாச்சனூர் வானொலியும்

தெலங்கானா தனி மாநிலமாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 2014 ஜூலையில் ஐதராபாத்தில் ஐ.ஏ.எம்.சி.ஆர். மாநாடு. ஊடக, தொடர்பியல் ஆய்வாளர்களுக்காக 1957-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் இது. இந்தியாவுக்கு இதற்கு முன் 1986-இல் டெல்லிக்கு வந்திருந்தது. இந்த முறை ஐதராபாத் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றிருந்தது. கருப்பொருள் 'வட்டாரம்'. ஒரு வட்டாரம் போராடி மாநிலமான ஊரிலேயே அதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதே எனக்குப் பெரிய உற்சாகம். சென்னை சென்ட்ரலில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினேன். காலையில் ஐதராபாத்தின் நாம்பள்ளி நிலையம்.

என் கட்டுரை நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை நடத்தும் களஞ்சியம் சமுதாய வானொலி பற்றியது. சமுதாய வானொலி என்றால் ஒரு வட்டாரத்து மக்களுக்காக, அவர்களின் பங்கேற்போடு நடக்கும் சிறு வானொலி. சுனாமி அடித்த கரையில், கடலுக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்த வானொலியை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்திருந்தேன்.

ஒரு அமர்வில் நாலைந்து பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். பின்னணி சொல்வதற்கே பாதி நேரம் போய்விடும். காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்ற கதவு 2006-இல்தான் திறந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அப்போதைய விதிப்படி இந்த வானொலிகள் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்றதும் கூடத்தில் ஒரு சலசலப்பு.

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்தார். பொலிவியாவில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு வானொலி நடத்தியதைச் சொன்னார். ராணுவம் வந்தபோது அதை எதிர்த்துப் பேசியதும் அந்த வானொலிகள்தான். "உங்கள் வானொலியில் பேசுகிறவர்கள் எதைப் பேச ஆசைப்படுகிறார்கள்?" என்று கேட்டார். கேட்பவர்களைப் பற்றித்தான் என் கட்டுரை. பேசுகிறவர்களைப் பற்றி அதில் இரண்டு பத்திகள் இருந்தால் அதிகம். அதைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன். அமர்வு முடிந்த பிறகும் தேநீர் மேசையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்னைப் பொறுத்தவரை மாநாடு என்பது அந்தத் தேநீர் நேரம்தான்.

மாநாடு முடிந்ததும் தெலுங்கு பேசும் தோழி ஒருவருடன் ஜகீராபாத் பஸ் பிடித்தேன். மும்பை நெடுஞ்சாலையில், சங்காரெட்டி தாண்டி, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் ஆட்டோ. மழை பெய்து செம்மண் நன்றாகக் குழைந்திருந்தது.

மாச்சனூரில் இருக்கிறது சங்கம் ரேடியோ. தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் தலித் பெண்கள் நடத்தும் வானொலி. ஸ்டூடியோ தொண்ணூறுகளின் கடைசியிலேயே தயார். உரிமம்தான் வரவில்லை. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அவர்கள். நிகழ்ச்சிகளை கேசட்டில் பதிந்து, ஊர் ஊராகப் பெண்கள் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். 2008 அக்டோபர் 15 அன்றுதான் முதல் ஒலிபரப்பு. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படித் தாக்குப் பிடித்த கதையை எந்த அமர்விலும் கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது.

ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கை தானாகப் பொத்தான்களுக்குப் போனது. விதை சேமிப்பு, கம்பு, சோளம், ஒரே வயலில் பல பயிர் கலந்து விதைப்பது, மாட்டு வைத்தியம், பாட்டு. எல்லாம் அவர்கள் வட்டாரத் தெலுங்கில். நாகப்பட்டினம் என்றதும், "கடல்காரங்களுக்குப் பாட்டு உண்டா?" என்று கேட்டார். போனில் இருந்த அம்பாப் பாட்டு ஒன்றைப் போட்டேன். வலை இழுக்கும்போது பாடுவது, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள் என்றேன். அவர் உடனே இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அதேபோல வாங்கிப் பாடும் நாற்றுப் பாட்டு ஒன்றைப் பாடவைத்தார்.

"சரி, நீங்க உக்காருங்கம்மா" என்று மைக்கை என் பக்கம் திருப்பினார். தோழி மொழிபெயர்க்க, கேள்வி மேல் கேள்வி. பெண்கள் கடலுக்குப் போவார்களா? மீனுக்கு விலை வைப்பது யார்? புயல் வருவதை வானொலி சொல்வதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பாட்டிமார் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? அதை யாராவது பதிந்து வைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த களப்பணிக்கு எழுதிய திட்டத்தில் அதைத்தான் முதல் கேள்வியாக வைத்தேன். பதிவு செய்யும் வேலையையும் விழுந்தமாவடிப் பெண்களிடமே கொடுக்க வேண்டும் என்று அதில் சேர்த்திருக்கிறேன்.