மிச்சம் நின்ற ஒரு சில்லு

கேசினோவில், எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்தைச் சுழற்றி ஆடும் ரூலெட் மேசையில், ஆட்டத்தை நடத்தும் டீலராக நின்ற நான்கு ஆண்டுகளில், "அடுத்து எந்த எண் வரும்?" என்று கேட்காத ஆட்டக்காரரே இல்லை. எப்படி ஆடுவது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம், பயிற்சியின் முதல் வாரத்தில் எனக்குக் காட்டப்பட்டதைக் காட்ட வேண்டும் என்று கை துடிக்கும்.

அன்று பயிற்சியாளர் மேசையில் எழுதியிருக்கும் 0 முதல் 36 வரை ஒவ்வோர் எண்ணின் மீதும், பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லு ஒன்றை வைக்கச் சொன்னார். மொத்தம் 37. சக்கரத்தை ஒரு பக்கமாகவும் பந்தை எதிர்ப்பக்கமாகவும் சுழற்றிவிட்டேன். பந்து தட்டித் தடுமாறி 17-இல் அடங்கியது. அந்த எண்ணின் மேல் அடையாளக் குமிழை வைத்து, தோற்ற 36 சில்லுகளையும் வாரி என் பக்கம் இழுத்தேன். வென்ற சில்லுக்கு 35 எண்ணிக் கொடுத்தேன். "உன்னிடம் மிச்சம் எத்தனை?" என்றார். ஒன்று. "மறுபடி சுற்று" என்றார். எத்தனை முறை சுற்றினாலும், எந்த எண் விழுந்தாலும், அந்த ஒன்று என் பக்கமே நின்றது. 37-இல் ஒன்று என்றால் சுமார் 2.7 சதவீதம். இரட்டைச் சுழியும் (00) உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் குழிகள் 38. கொடுப்பதோ அதே 35. அங்கே கேசினோவின் பங்கு 5.26 சதவீதம் ஆகிவிடுகிறது. இரண்டு மேசைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது சுழிகளை எண்ணிப் பார்த்து உட்காருங்கள்.

பிறகு வாய்ப்பாடு. இரண்டு எண்களுக்கு நடுவே கோட்டில் வைத்தால் ஒன்றுக்கு 17, நான்கு எண்கள் சேரும் மூலையில் வைத்தால் 8. ஓர் எண்ணின் மேல் ஒன்று, சுற்றிலும் நான்கு கோடுகள், நான்கு மூலைகள் என்று அடைத்து வைத்திருந்தால் 35, 68, 32, ஆக 135. குவியலைப் பார்த்த மாத்திரத்தில் தொகை நாவில் நிற்க வேண்டும். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் முணுமுணுத்திருக்கிறேன். அந்த வேகம் கைவந்த நாளின் மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

மறக்க முடியாத இன்னொன்றும் உண்டு. 0 தவிர மற்ற எண்களில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு; நிறத்தில் வைத்து வென்றால் வைத்த அளவே கிடைக்கும். ஓர் இரவு ஒருவர் 10-இல் தொடங்கிக் கறுப்பிலேயே வைத்து வந்தார். தோற்றால் இரட்டிப்பு: 20, 40, 80, 160, 320, 640. ஏழு முறையும் சிவப்பே விழுந்தது. 1270 போய்விட்டது. அடுத்து 1280 வைக்க வேண்டும். மேசையின் உச்ச வரம்போ 1000. முந்தைய எண்கள் ஒளிரும் பலகையைக் காட்டி, "இனிக் கறுப்பு வந்துதானே ஆக வேண்டும்?" என்று என்னைக் கேட்டார்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்ததையும், சிவப்பு வந்தே தீரும் என்று பணத்தைக் கொட்டியவர்கள் இழந்ததையும் நான் அறிவேன். பந்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை. ஏழு சிவப்புக்குப் பிறகும் கறுப்புக்கு 37-இல் 18 வாய்ப்புதான். ஆனால் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்ல டீலருக்கு அனுமதி கிடையாது. "இனிப் பந்தயம் வேண்டாம்" என்று மேசை மீது கையை வீசிக் காட்டுவதுதான் என் வேலை. அந்த நொடியில் வாய்மூடி நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது.

அவர் 1000-ஐயும் வைத்தார். கறுப்பு விழுந்தது. நான் எண்ணிக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்தது. இன்னும் 270 நட்டத்தில்தான் இருந்தார். சில்லுகளை அடுக்கிவிட்டுப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு 10-ஐ எடுத்து மறுபடியும் கறுப்பின் மேல் வைத்தார்.