அன்புடன்: ஒரு மரதன் நாட்குறிப்பு

2025 ஜனவரி 12, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 27 லண்டன் மரதனில் நானும் ஓடுகிறேன். 42.195 கிலோமீற்றர். குலுக்கலில் விழுந்த இடம் அல்ல, தொண்டு நிறுவனத்தின் வழியாக வந்தது. கியூர் பார்க்கின்சன்ஸ் அமைப்புக்கு 2,000 பவுண் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருக்கிற பார்க்கின்சன் நோய் மேலும் முற்றாமல் தடுக்கும் மருந்து ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய ஒரே குறி. 2005இல் அந்த அமைப்பைத் தொடங்கிய நால்வருக்கும் இதே நோய் இருந்தது. அவர்களில் டொம் ஐசக்ஸ் என்பவருக்கு இருபதுகளிலேயே வந்துவிட்டது. பிரித்தானியாவின் கரையோரத்தை 4,500 மைல் நடந்தே சுற்றிப் பணம் சேர்த்த மனிதர். 2017இல் காலமானார்.

நன்கொடைப் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். அப்பாவின் கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ரை கை நடுங்குறதைக் காட்டிக் காசு கேக்காதை, பிள்ளை."

சரி என்று அழித்துவிட்டேன். இரவு அவரே அலுமாரிக்குள் இருந்து நீல ஏரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1989இல் இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு எழுதியது. கடைசியில் "அன்புடன்" என்று இருந்தது. அடிமட்டம் வைத்து அளந்தார், 4 சென்ரிமீற்றர். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து அதே சொல்லை இப்போது எழுதினார். ஒன்றரைகூட வரவில்லை. 'அ' ஒழுங்காகத்தான் தொடங்கியது, 'டன்' என்று வரும்போது புள்ளியும் எழுத்தும் ஒன்றாகிப் போயின. இந்த நோயில் எழுத்து இப்படிச் சிறுத்துக்கொண்டே போகும். அப்பாவுக்கு நடுக்கம் வருவதற்கு முன்பே எழுத்து சிறுத்துவிட்டது. நாங்கள் பார்வைக் குறை என்று கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருந்தோம்.

"இதைப் போடு," என்றார்.

ஜனவரி 18, சனி

கோயில் மண்டபத்தில் பொங்கல் விழா. நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு ஒரு மேசை வாங்கியிருந்தோம். அம்மாவும் சித்தியும் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிச் செய்த 200 மரக்கறி ரோல்ஸும் உளுந்து வடையும் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. 412 பவுண்.

உண்டியலில் சும்மா போட வந்தவர்களை மறித்து, கிஃப்ட் எயிட் படிவத்தை நீட்டினேன். வரி கட்டுகிறவர் 1 பவுண் தந்தால் அரசு தன் பங்குக்கு 25 பென்ஸ் சேர்க்கும். ஒரு பெட்டியில் சரி போட்டு முகவரி எழுதினால் போதும். ரோல்ஸ் வாங்கிய காசுக்கு இது கிடையாது, அது விற்பனை. நம் ஆட்கள் பலர் வரி என்ற சொல்லைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கினேன், 23 பேர் நிரப்பினார்கள்.

"உது வயசு போனா வாறதுதானே, இதுக்கு என்ன ஆராய்ச்சி?" என்று ஒரு ஐயா கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த நோயில், உடம்பின் அசைவுக்கு உதவும் டோபமீன் என்ற பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் சாகின்றன. அப்பா ஏழு மணி, பதினொன்று, மூன்று, திரும்ப ஏழு என்று எடுக்கிற லெவோடோபா குளிசை, குறைகிற டோபமீனை ஈடுசெய்கிறது. கலங்கள் சாவதை அது நிறுத்தாது. நிறுத்துகிற மருந்து என்று நிரூபிக்கப்பட்டது உலகத்தில் இன்னும் ஒன்றுமே இல்லை.

இன்னொருவர் பூனைக்காலி விதையை இடித்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்பா ரசாயனம் படிப்பித்தவர். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை என்றும், 1937இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்றும் ஆர்வமாகச் சொன்னார். "ஆனா ஒரு விதையிலை எவ்வளவு இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாது தம்பி. குளிசையோடை சேர்ந்தா அளவு பிழைச்சுப் போகும்." அந்தப் பத்து நிமிடமும் மண்டபத்தில் அவர் வாத்தியாராகவே நின்றார்.

பெப்ரவரி 8, சனி

இந்த வாரம் மனம் விழுந்த வாரம். பார்க்கின்சன் முற்றுவதைத் தடுக்குமா என்று பார்த்த எக்செனடைட் மருந்துச் சோதனையின் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் ஊசி அது, அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் உமிழ்நீரில் கண்ட பொருளை ஒட்டிச் செய்தது. நடிகர் மைக்கேல் ஜே. ஃபொக்ஸ் 2000இல் தொடங்கிய அறக்கட்டளையின் பணத்தில் சுமார் 60 பேரிடம் செய்த முந்தைய சோதனை 2017இல் நல்ல அறிகுறி காட்டியது. எல்லோரும் காத்திருந்தோம். இந்தமுறை 194 பேர், 96 வாரங்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர்களில் நான் யாருக்காக ஓடுகிறேனோ அந்த அமைப்பும் ஒன்று. அதுதான் கூடுதலாக வலிக்கிறது. மாமா கனடாவிலிருந்து போன் எடுத்தார். அவர்தான் முதல் ஆளாக 100 பவுண் போட்டவர். "அப்ப அந்தக் காசெல்லாம் போச்சா பிள்ளை?"

எனக்கு வாய் வரவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"மச்சான், உப்புப் பகுப்பாய்வு ஞாபகம் இருக்கே? குளோரைட்டுக்குச் சோதிச்சு இல்லை எண்டு வந்தா, அதையும் கொப்பியிலை எழுதோணும். எழுதாதவனுக்கு நான் புள்ளி குறைப்பன். அடுத்ததுக்கு எப்பிடிப் போறது?"

அந்த 194 பேரையும் நினைத்துக்கொண்டு படுத்தேன். இரண்டு வருடத்துக்குக் கிட்ட, வாரத்துக்கு ஒரு ஊசி, உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியாமலே. காலையில் நன்கொடைப் பக்கத்தில் இந்த முடிவை ஒளிக்காமல் எழுதினேன். ஒருவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மாமா இன்னும் 50 போட்டார்.

மார்ச் 16

முதல்முறையாக 30 கிலோமீற்றர். இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, சப்பாத்தை அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். இதுவரை சேர்ந்தது 1,730 பவுண்.

ஏப்ரல் 11, வெள்ளி

உலக பார்க்கின்சன் தினம். மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள், 1755. அவர் லண்டன்காரர் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். வேலைக்கு லீவு போட்டு அப்பா அம்மாவுடன் ஹொக்ஸ்டன் சதுக்கத்துக்குப் போனேன். அவர் இருந்த முதலாம் இலக்கத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இந்த நோயை விவரித்து 1817இல் அவர் எழுதிய கட்டுரையில் வருவது மொத்தம் ஆறு பேர், அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. கூனி, சிறு அடி வைத்து, விழுவது போல விரைகிற நடை. அப்பா அந்தத் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

திரும்பும்போது நடைபாதை விளிம்பில் அப்பாவின் கால் நிலத்தோடு ஒட்டிவிட்டது. மேலுடம்பு முன்னால் போகிறது, பாதம் வரமாட்டேன் என்கிறது. இழுக்கக் கூடாது, இழுத்தால் விழுவார். அம்மா ஒன்றும் பேசாமல் தன் சப்பாத்துக் காலை அவர் காலுக்கு முன்னே குறுக்காக வைத்தார். அப்பா அதைப் பார்த்தார், தாண்டினார், நடந்தார். தாண்ட ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் கால் வந்துவிடும்.

பஸ்ஸுக்குள் கேட்டார்: "என்ரை காலத்திலை மருந்து வருமோ?"

"தெரியாது அப்பா."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எவ்வளவு சேந்திருக்கு?" என்றார். 2,290 என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

முடித்துவிட்டேன். 5 மணி 41 நிமிடம். நேற்று நல்ல வெயில், குளிரில் பழகிய உடம்புக்கு அது பெரிய சோதனை. கட்டி சார்க் கப்பல்வரை பறந்தேன், டவர் பாலத்தில் ஆட்களின் சத்தத்தில் அழுகை வந்தது, கனரி வார்ஃபில் நடக்கத் தொடங்கினேன். அங்கேதான் அப்பா மடக்குக் கதிரையில் இருந்தார். பதினொரு மணிக் குளிசையைப் போட்டுக்கொண்டு, அது வேலை செய்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், நான் அவரைத் தாண்டிப் போகும்வரை திரும்பக் கதிரையில் இருக்கவில்லை.

மே 11, ஞாயிறு

மொத்தம் 3,265 பவுண், கிஃப்ட் எயிட் தனி. கொடுத்தவர்கள் 83 பேர். நன்றி அட்டைகளைத் தானே எழுதப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு நாலு, அதற்கு மேல் கை ஒத்துழைக்காது.

சமையலறை மேசையில் அகலக் கோடு போட்ட தாளை விரித்து, அதன் பக்கத்தில் அட்டையை வைத்து, அதிலும் பென்சிலால் இரண்டு கோடு இழுக்கிறார். மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் ஒவ்வொரு எழுத்தும் தொட வேண்டும் என்று சிகிச்சையாளர் பழக்கியிருக்கிறார். நடுவில் நிறுத்திக் கையை உதறிவிட்டு, அடுத்த சொல்லைத் திரும்பப் பெரிதாகத் தொடங்குகிறார். காய்ந்தபின் அம்மா பென்சில் கோட்டை அழிக்கிறார். முதல் அட்டை கனடாவுக்கு.

இன்றைய நாலாவது அட்டையை என்னிடம் தந்து அளக்கச் சொன்னார். "அன்புடன்" 3 சென்ரிமீற்றர் இருந்தது. இன்னும் 71 பேர் இருக்கிறார்கள்.