கியூப் விலையில் சேராத செலவு

கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் போடத் தொடங்கும் நாளிலிருந்து கூரைத் தளம் முடியும் நாள்வரை கருங்கல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கல்லில் கணிசமான பகுதி ஹங்வெல்ல, பாதுக்க, ஹோமாகம பக்கங்களிலும் கம்பஹா மாவட்டத்திலும் உள்ள குவாரிகளில் உடைக்கப்பட்டு, டிப்பர்களில் ஏறி நகருக்குள் வருகிறது. காலிமுகத்திடலை ஒட்டிக் கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட 269 ஹெக்டேயர் துறைமுக நகரின் அலைதடுப்பு அணைக்கும் உள்நாட்டுக் குவாரிகளே கல் கொடுத்தன. கட்டட நிர்மாணத் துறையில் பாதுகாப்பு உத்தியோகத்தராக வேலை செய்யும் எனக்கு, நாங்கள் கல் வாங்கும் இடங்களை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதும் கடமையின் ஒரு பங்கு. அந்த அறிக்கைப் படிவத்தில் இடமில்லாத சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

குவாரிகளில் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பார்த்துச் செய்யச் சொல்லித்தான் இருக்கிறோம்" என்பது. இந்தப் பதில் பொறுப்பை முழுவதுமாகத் தொழிலாளியின் தோளில் ஏற்றிவிடுகிறது. பாறையை எந்த உயரத்துக்கு வெட்டுவது, துளையிடும்போது தண்ணீர் விடுவதா இல்லையா, ஒரு நாளில் எத்தனை கியூப் (கல்லை அளந்து விற்கும் கன அளவு) அனுப்புவது ஆகியவற்றைப் பாறையைத் துளைக்கும் ஜேக் ஹமர் பிடிப்பவர் தீர்மானிப்பதில்லை. ஆகவே அந்தத் தீர்மானங்களால் விளையும் ஆபத்தையும் அவருடைய கவனத்தால் மட்டும் தடுக்க முடியாது. இடர் முகாமை என்று நாம் சொல்வது, ஆபத்தை அது பிறக்கும் இடத்திலேயே இல்லாமற் செய்வது. முடியாவிட்டால் இயந்திரத்தாலும் அமைப்பாலும் குறைப்பது. அதன் பிறகு வேலை ஒழுங்கை மாற்றுவது. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் தலைக்கவசமும் முகமூடியும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது.

வெடிவைப்பைப் பொறுத்தவரை ஓரளவு ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெடிபொருள் பல ஆண்டுகளாகக் கடுமையான அரச கட்டுப்பாட்டில் இருப்பதால், எத்தனை வெடிமருந்துத் தோட்டா வந்தது, எத்தனை செலவானது என்பதற்குக் கணக்கு வைக்கப்படுகிறது. ஆனால் கணக்குச் சரியாக இருக்கும் இடத்திலும் கல் பறக்கிறது. மருந்து நிரப்பும் துளைக்கும், பாறையின் முன்முகத்துக்கும் இடையில் உள்ள கல்லின் கனம் போதாமல் போனால், அல்லது துளையின் வாயைச் சரியாக அடைக்காவிட்டால், வெடியின் விசை பாறையைப் பிளப்பதற்குப் பதிலாக வெளியே பாய்ந்து கற்களை வீசுகிறது. துளையிட்டபோது வந்த கல் மாவைக் கொண்டே வாயை அடைப்பது பல இடங்களில் வழக்கம். கூர்முனையுள்ள சிறு கற்சில்லுகளே நன்றாக இறுகிப் பிடிக்கும். வெடிக்காமல் நின்ற துளையை உடனே போய்ப் பார்க்கக் கூடாது. திரி வைத்து வெடிக்கும் முறையில் குறைந்தது 30 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பழைய துளையின் அடிப்பகுதி கண்ணில் பட்டால், அது ஆயத்தமாகக் கிடைத்த தொடக்கம் போலத் தோன்றினாலும், அதற்குள் ஒருபோதும் மறுபடி துளையிடக் கூடாது. வெடிக்காத மருந்தின் மிச்சம் அங்கே இருக்கக்கூடும்.

எங்கள் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து இடி மின்னல். சித்திரையிலும், பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் வேளையில் கொழும்பு மாவட்டத்தில் மின்னல் கடுமையாக இருக்கும். காலை முழுவதும் துளையிட்டு, பிற்பகலில் மருந்து நிரப்பி, மாலையில் வெடிப்பது பல குவாரிகளின் நேர ஒழுங்கு. மின்னலின் சக்தி, மருந்தை வெடிக்கத் தூண்டும் மின் டெட்டனேட்டரை முன்கூட்டியே வெடிக்க வைக்க வல்லது; மின்சாரம் இல்லாத குழாய் வகையையும் மிக அருகில் விழும் மின்னலிலிருந்து பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. தூரத்தில் இடி கேட்டவுடனேயே நிரப்புவதை நிறுத்தி, எல்லோரும் விலகிப் போய்விட வேண்டும். இந்த மாதங்களில் வெடிவைப்பை முற்பகலுக்கு மாற்றினால் பெரும்பாலான நாட்களில் அந்த நிலையே வராது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பாறை முகம் இடிந்து விழுவது மழையோடு சேர்ந்த விடயம். பாறையின் விரிசல்களுக்குள் தண்ணீர் இறங்கி நிற்கும்போது, நேற்றுவரை அசையாமல் இருந்த பாளம் இன்று நழுவக்கூடும். மழை விட்ட பிறகும், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும், தளர்ந்த கற்களை அலவாங்கால் தட்டி விழுத்தும் வேலையை மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும். கீழே எவரும், எந்த இயந்திரமும் இருக்கக் கூடாது. உண்மையான தீர்வு, பாறையைப் பெஞ்ச் எனப்படும் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் பெக்கோ எனும் அகழும் இயந்திரத்தின் கை எட்டும் அளவுக்குள் வைத்திருப்பதுதான். செங்குத்தாக உயர்ந்த ஒற்றை முகத்தில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு துளையிடும் காட்சியைச் சிறு குவாரிகளில் பார்க்கலாம். அங்கே கயிறு நல்லதா என்று ஆராய்வது இரண்டாம் கேள்வி. அந்த முகம் ஏன் அப்படி வளர விடப்பட்டது என்பதே முதற் கேள்வி.

வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளிம்போரப் பாதையில், அங்கே ஓடும் மிகப் பெரிய வாகனத்தின் சில்லின் அச்சு உயரத்துக்காவது மண் அணை இருக்க வேண்டும். பின்னோக்கி வரும் டிப்பருக்கும் நடந்து செல்பவருக்கும் வெவ்வேறு வழி வேண்டும்.

மேலே சொன்னவை எல்லாம் ஒரு நொடியில் நடந்து, செய்தியாகவும் வந்துவிடும். தூசு அப்படியல்ல. எங்கள் கருங்கல்லில் படிகம், அதாவது குவாட்ஸ், இருக்கிறது. அதை அரைக்கும்போதும் துளைக்கும்போதும் பிறக்கும் சிலிக்காத் துகள்களில் நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடியவை மிக நுண்ணியவை. மனிதத் தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்குக்கும் குறைவானவை. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதி அடங்கிய பிறகும் அவை காற்றில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே போனவை கரைவதில்லை. அவற்றைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை; தூசு வேலையை விட்ட பின்னரும் அது முன்னேறக்கூடும். காசநோய் பற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. 1997 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவனவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. அமெரிக்காவில் 2016 இல் விதிக்கப்பட்ட எல்லை, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய அளவு அல்ல இது. மாதிரி எடுத்து அளந்தால்தான் தெரியும்.

அவிசாவளைப் பக்கத்துக் குவாரி ஒன்றில், மலையகத்திலிருந்து வந்து நெடுங்காலமாகத் துளையிடும் வேலை செய்யும் ஒருவருடன் பேசினேன். லேஞ்சியை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். "காலையில கொஞ்சம் வரும் சேர். தூசு பழகிப் போச்சு" என்றார். தண்ணீர் விட்டுத் துளையிடுவதில்லையா என்றதற்கு, "தண்ணி விட்டா சேறாகும், மெதுவாத்தான் போகும். எங்களுக்குக் கணக்கு கியூப்ல சேர்" என்றார்.

இந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. நுண்தூசைத் தடுக்கும் ஆற்றல் லேஞ்சிக்கு இல்லை. துளைமுனையில் தண்ணீரைச் செலுத்தினால் தூசின் பெரும்பகுதி காற்றில் ஏறும் முன்பே படிந்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் 1930 இல் தொடங்கிய ஹோக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை வேலையில், வேகத்துக்காகச் சிலிக்கா நிறைந்த பாறையை உலர்நிலையில் துளைத்ததால் நூற்றுக்கணக்கானோர் சிலிக்கோசிஸால் இறந்தார்கள். தண்ணீரின் பயன் அன்றே தெரிந்த ஒன்றுதான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வேகத்தின் பெயரால் அதே உலர் துளையிடலை நாம் ஏற்றுக்கொள்வது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று. மழைக்குப் பஞ்சமில்லாத பிரதேசம் இது. வெட்டிய குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. வேண்டியது ஒரு பம்பும், ஒரு தாங்கியும், குழாயும். கல்லை அரைக்கும் கிரஷரில் கல் விழும் வாயிலும், கல்லைக் கொண்டுசெல்லும் பட்டி மாறும் இடங்களிலும் நீர்த்தெளிப்பும் மூடியும் வைப்பதும் இதே வகைச் செலவுதான்.

கியூப் கணக்கில் கூலி கொடுக்கும்வரை, தண்ணீர் விடுவதும் தளர்ந்த கல்லைத் தட்டுவதும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழியும் நேரமாகவே இருக்கும். பாதுகாப்புக்காகச் செலவாகும் நேரத்துக்கு நாட்சம்பளமாகவாவது தனியே கொடுக்காத முதலாளி, "சொல்லித்தான் இருக்கிறோம்" என்று கூற உரிமை இல்லாதவர் என்பது என் உறுதியான கருத்து. கொந்தராத்துக்காரர் வழியாக ஆள் எடுக்கும் இடங்களில் இது இன்னும் மோசம். சேமலாப நிதிப் பதிவோ சம்பளச் சீட்டோ இல்லாதவர், பின்னாளில் நோயுற்றால், தாம் அங்கே வேலை செய்ததையே நிறுவ முடியாமல் நிற்பார்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென ஒரு தேசிய நிறுவகமும் உருவாக்கப்பட்டது. அனுமதிப்பத்திர நிபந்தனைகளில் நில அதிர்வும் வெடியின் காற்றழுத்தமும் கவனிக்கப்படுகின்றன. அயலவரின் சுவர் வெடித்தால் அவர்கள் முறைப்பாடு செய்வார்கள். கிராம மக்கள் பாதையை மறிப்பார்கள். அது நியாயமானதும்கூட. தொழிலாளியின் நுரையீரலுக்காக முறைப்பாடு செய்ய ஆளில்லை. அவரே செய்தால் அடுத்த நாள் வேலை இருக்குமா என்பது தெரியாது.

அதனால்தான் வாங்குபவர்களாகிய நாங்கள் இதில் தலையிட வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லின் வலிமைக்குப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறோம். அளவில் ஒரு கூடை குறைந்தாலும் டிப்பரைத் திருப்பி அனுப்புகிறோம். அந்தக் கல்லைத் துளைத்த விதத்தை மட்டும் நாம் கேட்பதில்லை. ஒரு குவாரி உரிமையாளரிடம் நான் இதைப் பேசியபோது, ஈரத் துளையிடலுக்கு அவர் இணங்கினார். தொழிலாளருக்கு ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்வதற்குத்தான் தயங்கினார். "ஒரு வருஷம்கூட நிற்க மாட்டார்கள், நான் செலவழித்து என்ன பயன்?" என்றார். அவர் சொன்ன நிலைமை உண்மை. தொழிலாளர் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதனாலேயே அந்தப் பதிவு குவாரி அலுவலகத்து அலுமாரியில் இராமல், தடுப்பூசி அட்டையைப் போலத் தொழிலாளியின் கையிலேயே ஒரு பிரதியாக இருக்க வேண்டும். அடுத்த குவாரியிலோ, வெலிசறை மார்பு வைத்தியசாலையிலோ அதைக் காட்டினால், எந்த ஆண்டில் நுரையீரல் எப்படி இருந்தது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் காசநோயா சிலிக்கோசிஸா என்று குழம்பும் நிலையில், இவர் என்ன வேலை செய்தார் என்ற தகவலே பெரிய உதவியாக இருக்கும்.

எங்களுடைய அடுத்த விலைமனு நிபந்தனைகளில் மூன்றைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஈரத் துளையிடலும் கிரஷரில் நீர்த்தெளிப்பும், ஆண்டுக்கு ஒருமுறையாவது தொழிலாளர் சுவாசிக்கும் காற்றின் சிலிக்கா அளவீடு, தொழிலாளியின் கையில் மருத்துவப் பதிவு. இவற்றுக்கான செலவைக் கியூப் விலையில் தனி வரியாகக் காட்டி நாங்களே ஏற்க வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் அது மறுபடியும் கூலியிலிருந்துதான் பிடிக்கப்படும். கொள்வனவுப் பிரிவு இன்னும் பதில் தரவில்லை. வேறு நிறுவனங்களில் இதே பொறுப்பில் இருப்பவர்களும் இந்த மூன்றையும் தங்கள் நிபந்தனைகளில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஒரு வாடிக்கையாளர் மட்டும் கேட்டால் குவாரி வேறொருவருக்குக் கல்லை விற்றுவிடும்.